பால்கனிக் கம்பி ஏன் உடைகிறது?

மும்பையில் கடலோரமாக ஓடும் மரீன் டிரைவ் சாலையை ஒட்டிய கட்டடத்தின் ஆறாம் மாடி பால்கனியில் நின்று, போனைக் கையில் பிடித்தபடி 14 படங்கள் எடுத்து, ஹூகின் என்ற இலவச இணைப்பு மென்பொருளில் போட்டு இணைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நரிமன் பாயின்ட் தொடங்கி மலபார் ஹில் வரை ஒரே படமாக வர வேண்டும் என்பது ஆசை. வந்த படத்தில் பால்கனிக் கம்பி மூன்று இடங்களில் உடைந்திருக்கிறது. கடல் மட்டும் இருக்கும் படங்கள் எதோடும் சேரவில்லை. கீழே கடற்கரைச் சுவர் வில்லாக வளைந்து நிற்கிறது. “வேறு மென்பொருள் வாங்கலாமா, இல்லை கேமராவையே மாற்றணுமா?” என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மூன்றில் எது படம் எடுக்கும்போதே நடந்தது, எது இணைக்கும்போது நடந்தது, எது கோளாறே இல்லை என்பதைத்தான். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகப் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்டுகளுக்காகப் படம் எடுக்கிறேன். அதில் பாதி வேலை இந்த இணைப்பு வேலைதான். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, எழுதியதை வைத்துச் சொல்கிறேன். கம்பி ஏன் உடைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், எது என்று நீங்களே சோதித்துப் பார்க்க வழி சொல்கிறேன். சுவரின் வளைவு பெரும்பாலும் கோளாறு அல்ல.

முதலில் கம்பி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை முகத்துக்கு முன்னால் நிறுத்துங்கள். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக அது தெரியட்டும். இப்போது தலையை ஒரு பக்கம் நகர்த்தினால் விரல் தொட்டியை விட்டு விலகி ஓடும். பள்ளிக்கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே, இடமாறு தோற்றப்பிழை வரும் என்று இயற்பியல் ஆசிரியர் சொல்லியிருப்பாரே, அதேதான் இது. பார்க்கும் புள்ளி நகர்ந்தால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒரே அளவு நகராது. ஒரு படத்தில் கம்பிக்குப் பின்னால் மறைந்திருந்த விளக்குக் கம்பம் அடுத்த படத்தில் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட இரண்டு படங்களை எப்படி வைத்தாலும் கம்பியும் கம்பமும் சேர்ந்து பொருந்தாது. ஒன்று பொருந்தினால் மற்றது உடையும்.

எவ்வளவு உடையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். போனைக் கையில் நீட்டிப் பிடித்து உடம்போடு சுழலும்போது, லென்ஸ் உங்கள் முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் தள்ளி வட்டமடிக்கிறது. 25 டிகிரி திரும்பினால் லென்ஸ் 20 சென்டிமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். நிமிர்த்திப் பிடித்த சாதாரண போன் கேமராவில் ஒரு டிகிரிக்குச் சுமார் 60 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் கம்பி, பின்னணியை விட்டு 700 பிக்சல் அளவுக்கு நகர்ந்துவிடும். 60 மீட்டர் தள்ளி இருக்கும் கடற்கரைச் சுவர் 12 பிக்சல் நகரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மலபார் ஹில்லில் இருக்கும் கட்டடமோ அரை பிக்சல்கூட நகராது. அதனால்தான் தூரத்துக் கட்டடங்கள் கச்சிதமாகச் சேர்ந்து, கண்முன்னால் இருக்கும் கம்பி மட்டும் துண்டாகிறது.

இதை ஏன் மென்பொருள் சரிசெய்யவில்லை என்று தோன்றும். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன்மேல் கோபம் வராது. இரண்டு படங்களிலும் தனித்துத் தெரியும் சின்னச் சின்ன இடங்களை அது தேடுகிறது: ஜன்னல் மூலை, போர்டு எழுத்தின் நுனி, விளக்குக் கம்பத்தின் தலை. படத்தின் அளவும் சாய்வும் மாறினாலும் அப்படிப்பட்ட இடத்தை அடையாளம் காணும் சிஃப்ட் என்ற முறையை டேவிட் லோ 1999-ல் வெளியிட்டார். 2003-ல் மாத்யூ பிரவுனும் அவரும் சேர்ந்து, குவியலாகக் கொட்டிய படங்களிலிருந்து பனோரமாக்களைத் தானாகவே கண்டுபிடித்து இணைக்க முடியும் என்று காட்டினார்கள். ஹூகின் அதற்கும் முந்தைய ஒரு அடித்தளத்தின் மேல் நிற்கிறது, 1998-ல் ஹெல்முட் டெர்ஷ் வெளியிட்ட பனோரமா டூல்ஸ். ஜோடி சேர்த்த இந்தப் புள்ளிகளைக் கண்ட்ரோல் பாயின்ட் என்பார்கள். அவற்றில் தப்பான ஜோடிகளும் இருக்கும். அவற்றைக் களைய ஒருவகை வாக்கெடுப்பு நடக்கிறது. ஏதோ சில ஜோடிகளை எடுத்து, கேமரா இவ்வளவு திரும்பியிருக்கும் என்று ஒரு ஊகம் செய்து, மற்ற ஜோடிகளில் எத்தனை அதை ஒப்புக்கொள்கின்றன என்று எண்ணும். அதிக ஆதரவு பெற்ற ஊகம் நிற்கும். 1981-ல் ஃபிஷ்லரும் போல்ஸும் எழுதிய ரான்சாக் முறை இது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே அனுமானத்தில் ஓடுகிறது. கேமரா இருந்த இடத்திலேயே இருந்து, திரும்ப மட்டும் செய்தது என்பதே அது. இலவச மென்பொருளோ காசு கொடுத்து வாங்குவதோ, பெரும்பாலானவை இதையே நம்புகின்றன. உங்கள் கம்பி வாக்கெடுப்பில் தோற்றுப்போன சிறுபான்மை. 2013-க்குப் பிறகு, படத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளைத்துப் பொருத்தும் முறைகளை ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். 10, 20 பிக்சல் பிசகை அவை நன்றாகவே மறைக்கும். 700 பிக்சலில் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் கம்பிக்குப் பின்னால் இருந்ததே படத்துக்குப் படம் மாறிவிட்டது. ஆகவே மென்பொருளை மாற்றினால் தீருமா என்றால், தீராது. கேமராவை மாற்றினாலும் தீராது.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். தாதர் பக்கம் ஒரு பழைய சாலின் (வரிசையாக வீடுகள் இருக்கும் மாடிக் குடியிருப்பு) இரண்டாம் மாடி வராந்தாவை, எதிரே நின்று, ஒரு அடி ஒரு அடியாக நகர்ந்து 18 படங்களாக எடுத்தேன். மரக் கைப்பிடி, அதன் கீழே கடைசல் செய்த தூண்கள், பின்னால் ஒவ்வொரு வீட்டின் கதவு. இணைத்ததும் அழகாக வந்தது, எந்த இடத்திலும் உடைசல் தெரியவில்லை. அதை வைத்து ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துப் பெண் வரைபடம் போட்டாள். பிறகு நேரில் அளவெடுக்கப் போனபோது, படத்தில் ஒரு தூண் கூடுதலாக இருந்தது தெரிந்தது. மென்பொருள் பின்னால் இருந்த கதவுகளைப் பொருத்தியிருக்கிறது, முன்னால் இருந்த தூண் ஒன்று இரண்டு படங்களில் இரண்டு இடத்தில் விழ, இரண்டையுமே வைத்துக்கொண்டது. தையல் தெரியாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மறுபடியும் எடுத்தேன். உங்கள் கம்பி உடைந்து தெரிகிறது என்பதே ஒருவகையில் நல்லது என்பேன்.

சரி, என்ன செய்வது? உங்கள் இடத்தில் மிக எளிய வழி, கம்பியே படத்தில் வராமல் செய்வது. போனின் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, லென்ஸ் கம்பிக்கு வெளியே வரும்படி பிடியுங்கள். அப்புறம் உங்களைச் சுற்றி போனைத் திருப்பாதீர்கள், போனைச் சுற்றி நீங்கள் நகருங்கள். லென்ஸ் இருக்கும் புள்ளி காற்றில் ஆணி அடித்தது மாதிரி அங்கேயே நிற்க வேண்டும். 2 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் கடற்கரைச் சுவர் ஒரு பிக்சலுக்குத்தான் பிசகும். அதை இணைப்பு விழுங்கிவிடும்.

கம்பியும் படத்தில் வேண்டும் என்றால் தூக்குக்குண்டு வேண்டும், கொத்தனார் சுவருக்கு நேர் பார்ப்பாரே, அதேதான். நான் மெல்லிய நைலான் நூலில் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். லென்ஸ் குழாயில் ஒரு ரப்பர் பேண்டு, அதிலிருந்து நூல், தரைக்கு ஒரு விரற்கடை மேலே குண்டு. தரையில் சாக்பீஸால் கோலத்துக்கு வைப்பது போல ஒரு புள்ளி. ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் குண்டு ஆடி அடங்கிப் புள்ளிக்கு மேல் நிற்கும்வரை காத்திருந்து ஷட்டரை அழுத்துவேன். ட்ரைபாட் விரிக்க இடமில்லாத மாடிப்படிகளிலும் கூட்டத்திலும் இது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ட்ரைபாட் இருந்தாலும் பிரச்சினை தானாகத் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமராவைத் திருகும் ஆணி உடலுக்கு அடியில் இருக்கிறது, சுழல வேண்டிய புள்ளியோ அதற்குச் சில சென்டிமீட்டர் முன்னால், லென்ஸுக்குள் இருக்கிறது. நோடல் பாயின்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். கறாராகச் சொன்னால் அது லென்ஸின் முன்பக்கமிருந்து பார்க்கும்போது, வெளிச்சம் நுழையும் அபர்ச்சர் துளை எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஜன்னல் கம்பி ஒன்றைத் தூரத்துக் கட்டடத்தின் விளிம்போடு நேராக்கி, கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். இரண்டும் விலகினால் கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், விலகல் கூடினால் முன்னால் தள்ளுங்கள். விலகாத இடம் கிடைத்ததும் அந்த லென்ஸுக்கு அதைக் குறித்து வையுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஒவ்வொரு ஜூம் அளவுக்கும் இடம் மாறும்.

கேமரா நகரவே கூடாது என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. எடுக்கும் பொருள் தட்டையாக இருந்தால், முன்னால் பின்னால் என்ற பேச்சே இல்லை, அதனால் தாராளமாக நகரலாம். இதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக ஆக்கினார். கணினி இல்லை, கண்ட்ரோல் பாயின்ட் இல்லை. எழுத்துகள் வெட்டிய கல்முகம் ஏறக்குறைய தட்டையாக இருந்ததால்தான் அது கைகூடியது. ஹூகினில் இதற்கென்றே கேமராவின் இடமாற்றத்தையும் கணக்கில் எடுக்கும் வசதி இருக்கிறது. சுவரோவியம், கல்வெட்டு, தரை மொசைக் இவற்றுக்கு அது அருமையாக வேலை செய்யும். என் சால் வராந்தா தோற்றது தூண்கள் கதவுகளுக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றதால்தான்.

இனி கடல். இங்கே இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அந்தப் படங்களில் பிடிக்க எதுவுமே இல்லாமல் இருப்பது. மேலே வெள்ளை வானம், கீழே சாம்பல் நீர், நடுவில் ஒரு கோடு. மூலை இல்லை, நுனி இல்லை. இன்னொன்று, புள்ளிகள் கிடைத்தும் அவை அலைநுரையிலும் மேகத்திலும் விழுந்திருப்பது. அடுத்த படம் எடுப்பதற்குள் நுரை இடம் மாறிவிடும், ஜோடிகள் எல்லாம் பொய்யாகிவிடும். எது என்று அறிய, ஹூகினில் கண்ட்ரோல் பாயின்ட் பக்கத்தைத் திறந்து, சேராத இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலியாக இருந்தால் முதல் காரணம். புள்ளிகள் தண்ணீர்மேல் சிதறிக் கிடந்தால் இரண்டாவது. தண்ணீர்மேல் இருப்பவற்றைத் தயங்காமல் அழியுங்கள். மேகத்தின்மேல் இருப்பவற்றைத் தானாகக் கண்டு நீக்க ஹூகினிலேயே செலஸ்ட் என்ற ஒரு கருவி உண்டு.

இரண்டுக்கும் மருந்து அடுத்த முறை எடுப்பதில் இருக்கிறது. போனைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஒவ்வொரு படத்திலும் கரை ஒரு துண்டாவது வரும்படி பிடியுங்கள். நடைபாதை விளக்குகள், அலையைத் தடுக்கப் போட்ட நாலுகால் டெட்ராபாட் கற்கள், சுவரின் மூலை, இவை நகராதவை. டெட்ராபாட்கள் இதற்கென்றே செய்த மாதிரி, ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் கிடக்கும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் போதும். நிமிர்த்திப் பிடித்த போனுக்கு 180 டிகிரி எடுக்க ஐந்தாறு படம் தாராளம். 14 எடுப்பது தப்பில்லை, ஆனால் நேரம் அதிகமாகிறது, அலையும் மேகமும் வெளிச்சமும் அதற்குள் மாறிவிடுகின்றன. இப்போது கையில் இருக்கும் படங்களுக்கு, தொடுவானக் கோட்டைப் பயன்படுத்துங்கள். கண்ட்ரோல் பாயின்ட் வகைகளில் ‘கிடைக்கோடு’ என்று ஒன்று இருக்கிறது. தொடுவானத்தின்மேல் அதைக் குறித்தால் படங்கள் மேலும் கீழும் சரியாக நிற்கும். இடம் வலம் எவ்வளவு என்பதைத் தொடுவானம் சொல்லாது, அதைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும். வெறும் கடல் என்பதால் சில டிகிரி பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, சுவரின் வளைவு. மரீன் டிரைவ் 3.6 கிலோமீட்டர் நீளத்துக்கு உண்மையிலேயே வில்லாக வளைந்த சாலை, பேக் பே என்ற விரிகுடாவைச் சுற்றி ஓடுகிறது. அதோடு, அகலமான காட்சியைத் தட்டையான படமாக விரிப்பதே ஒரு வளைவைச் சேர்க்கும். உங்கள் படம் உருளை விரிப்பில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கும், தொடுவானம் நேராக இருக்கும், மேலிருந்து பார்க்கும் நேரான சுவர் மட்டும் இரண்டு பக்கமும் தொடுவானத்தை நோக்கி ஏறி வளையும். சாலையின் நிஜ வளைவும் அதே பக்கம்தான், அதனால் இரண்டும் கூடி மிகையாகத் தெரிகிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால், விரிப்பை ரெக்டிலினியருக்கு மாற்றி, பார்வைக் கோணத்தை 90 டிகிரிக்குக் குறைத்து, ஒவ்வொரு பகுதியாகப் பாருங்கள். அங்கே நேரானது நேராகவே இருக்கும். மிச்சம் வளைந்தால் அது சாலையின் வளைவு. முழு 180 டிகிரிக்கு ரெக்டிலினியர் முடியாது. 120-ஐத் தாண்டினாலே ஓரங்கள் ரப்பர் மாதிரி இழுபடும். அந்தத் தெருவின் ஆர்ட் டெக்கோ கட்டடங்களைத் தெருவிலிருந்து அகலமாக எடுக்கிறீர்கள் என்றால் பானினி என்ற இன்னொரு விரிப்பை முயன்று பாருங்கள், எனக்குக் கட்டடங்களுக்கு அதுதான் பிடித்தமானது. ஒன்றே ஒன்று மட்டும் நிஜக் கோளாறு: தொடுவானம் அலைபோல் ஏறி இறங்கினால் படம் மட்டமாக உட்காரவில்லை என்று அர்த்தம். மேலே சொன்ன கிடைக்கோட்டுப் புள்ளிகள் அதையும் சரிசெய்யும்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து அதில்தான் மாட்டுவீர்கள். மரீன் டிரைவ் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் சூரியன் இருக்கும் பக்கமும் மலபார் ஹில் பக்கமும் வெளிச்சத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆட்டோவில் விட்டால் போன் ஒவ்வொரு படத்துக்கும் வேறு அளவு வைக்கும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள். போலரைசர் வடிகட்டி போட வேண்டாம். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளிய வானத்தை மட்டும் அது அடர்நீலமாக்கும், இணைத்த பிறகு அந்தக் கறை போகவே போகாது.

இப்போது இருக்கும் 14 படங்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். ஹூகினின் மாஸ்க் பக்கத்தில் ஒவ்வொரு படத்திலும் கம்பி இருக்கும் பகுதியைச் சுற்றி வரைந்து ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் நிறைய நெருக்கமாக எடுத்ததால், ஒரு படத்தில் கம்பி மறைத்த கடலை இன்னொரு படம் காட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கம்பியின்மேல் விழுந்த கண்ட்ரோல் பாயின்ட்களை எல்லாம் அழித்துவிட்டு, முதலில் படங்களின் திசையை மட்டும், பிறகு லென்ஸின் கோணத்தையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்யுங்கள், அதாவது பிழை குறையும்படி ஹூகினைக் கணக்கிடச் சொல்லுங்கள். சராசரிப் பிழை இரண்டு பிக்சலுக்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். வராவிட்டால் பட்டியலில் பிழை அதிகமாகக் காட்டும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும் டாக்ஸியின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நடக்கிறவர்கள் பாதி உடம்போடு வந்தால் அதற்கும் மாஸ்க்தான் வழி: ஒருவர் முழுதாக இருக்கும் படத்தில் அவரை வைத்து, மற்றதில் ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் படத்திலும் இல்லாத துண்டு மிஞ்சினால், செயற்கை நுண்ணறிவு நிரப்பியை வைத்து அடைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் படம் என்றால் உங்கள் விருப்பம். யாராவது அளவெடுக்கவோ எண்ணவோ போகிற படம் என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், நான் அப்படித்தான் விடுகிறேன். அந்த பால்கனி இன்னும் கிடைக்கும் என்றால், மழை நின்ற அக்டோபர் காலை ஒன்றில் ஒரு தூக்குக்குண்டும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், ஐந்தாறு படத்தில் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.